ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறிய எண்

வெர்லின் டி ஹான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மகன் தன் வருங்கால மாமனார் வீட்டுக்கு அவரை முதல்முதலாகக் கூட்டிப்போன அன்று, காபி வருவதற்குள் நிலவறைக்கு இறங்கிப்போய், முழங்காலிட்டு, தரை விரிசலில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தார். அவர் தேடிப்போன ரேடான் வாயுவுக்கு வாசனையே கிடையாது என்பது ஊரில் எவரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பழக்கதோஷம், என்ன செய்வது? சம்பந்தியம்மாள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நியூ ஹார்லிங்கனில் நிலவறை இல்லாத வீடு வீடே இல்லை. சூறாவளிச் சங்கு ஊதினால் ஓடி இறங்க, உறைபெட்டியில் பாதி மாட்டை வெட்டி அடுக்க, மேலே வைக்க மனம் ஒப்பாத சோபாவைப் போட, எல்லாவற்றுக்கும் நிலவறைதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து இந்த வடமேற்கு மூலையில் மண் கறுப்பு. நட்டது எல்லாம் விளையும். அதே மண்தான் ரேடானையும் கக்குகிறது. அது தரை விரிசல் வழியாக நிலவறைக்குள் வந்து, போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். வருஷக்கணக்காக அதை மூச்சிழுப்பவர்களில் சிலருக்கு நுரையீரலில் புற்று வைக்கும். சிலருக்கு வைக்காது. யாருக்கு என்று அதற்குத்தான் தெரியும்.

வெர்லினின் வேலை அதைக் கிளப்பி வெளியே அனுப்புவது. கான்கிரீட் தரையில் ஒரு துளை போடுவார். அதன் வழியே கையை விட்டு, அடியிலிருந்து நாலைந்து வாளி மண்ணை அள்ளுவார். அந்தக் குழியில் வெள்ளைக் குழாயை நட்டுக் கூரைக்கு மேலே கொண்டுபோய், நடுவில் ஒரு விசிறியைப் பொருத்துவார். வீட்டுக்குள் நுழையுமுன்பே வாயுவை உறிஞ்சி விசிறி வானத்தில் துப்பிவிடும். ஏழு வருஷத்தில் முந்நூறு வீடு முடித்திருக்கிறார். அறுபத்தெட்டு வயதில் முழங்கால் இரண்டும் வீங்கித்தான் கிடக்கின்றன. மனைவி ட்வைலா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே திட்டுவார்.

அதற்கு முன்னால் நாற்பது வருஷம் அவர் பன்றிக் கொட்டகைகளுக்குக் கான்கிரீட் தரை போட்டவர். தொழில் மாறியது அண்ணன் எவர்ட்டை அடக்கம் செய்த நாளில். எவர்ட் வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டவர் இல்லை. நுரையீரல் புற்று ஐந்தே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. தேவாலயத்து நிலவறையில் எல்லோரும் பன்றிக்கறி வைத்த பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு உறவுக்காரப் பெண் கேட்டாள்: “எவர்ட் வீட்ல ரேடான் அளந்து பாத்தீங்களா?” வெர்லின் கடித்த பன்னைத் தட்டில் வைத்துவிட்டார். மறு மாதமே பயிற்சிக்குப் போய், அறுபத்தொரு வயதில் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கினார்.

முதல் வேலையாக அளந்தது அண்ணன் வீட்டைத்தான். அங்கேதான் அண்ணன் மனைவி மார்லிஸ் தனியாக இருக்கிறார்.

மார்லிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் ஊர் இது; சுத்தத்தில் யாரும் யாருக்கும் குறைந்தவர்களில்லை. டுலிப் பூத் திருவிழாவில் ஊர்வலத்துக்கு முன்னால் மரச்செருப்பு மாட்டிக்கொண்டு பெண்கள் தெருவைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவது வழக்கம். மற்ற பெண்கள் அதைக் கூத்துக்காகச் செய்வார்கள், மார்லிஸ் அழுக்குப் போகிற வரைக்கும் தேய்ப்பார். ஊர்வலம் அவருக்குப் பின்னால் காத்து நிற்கும். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிற சிக்கனம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாட்டார், புல் வெட்ட விடமாட்டார். ஜன்னலைக்கூடச் சனிக்கிழமை மாலையே சாத்திவிடுவார்; திறந்து கிடந்தால் ஆராதனைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு, மார்லிஸ் ஓய்வுநாளில் வீட்டைச் சுத்தம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

அவர் வீட்டில் வந்த எண் ஒன்று. நாலுக்கு மேலே போனால் குழாய் போட வேண்டும் என்பது கணக்கு. பக்கத்து வீட்டில் பதினாலு, எதிர் வீட்டில் பதினேழு. மார்லிஸ் வீட்டில் ஒன்று. மறு வருஷம் அளந்தார், ஒன்றரை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

“ஊரெல்லாம் பதினாலு, பதினேழு. அவங்க வீட்ல மட்டும் ஒண்ணா?” என்றார் ட்வைலா. “மார்லிஸுக்குப் பயந்து வாயுகூட வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குதோ?”

“அவங்க தரை துடைக்கிற வேகம் அப்படி. விரிசல்லேர்ந்து தலையை நீட்டுறதுக்குள்ள துடைச்சு வாளியில பிழிஞ்சிருவாங்க.”

இந்த வேடிக்கையைக் காபிக்கடையிலும், பன்றித்தீவனக் கடையிலும், தேவாலயத்து வாசலிலும் வெர்லின் நூறு தடவை சொல்லியிருப்பார். வேறு வீட்டில் இப்படி ஒரு எண் வந்திருந்தால் அவர் நம்பியிருப்பாரா? ஒரு நாளும் இல்லை. ஜன்னல் திறந்திருந்தால் வெளிக்காற்று கலந்து எண் பொய்யாகக் குறைந்துவிடும்; அளக்கும்போது ஜன்னலையும் கதவையும் சாத்தி வைத்தீர்களா என்று குடைந்து குடைந்து கேட்டிருப்பார். இங்கே கேட்கவில்லை. அந்த எண் ஒன்றாகவே இருக்கட்டும் என்று அவருக்கும் ஆசை. ஏன் என்பது பிறகு வரும்.

இந்த ஏப்ரலில் மார்லிஸின் கடைசி மகள் க்ரிஸ்டாவிடமிருந்து செய்தி வந்தது. அவளுடைய கணவனுக்கு நியூ ஹார்லிங்கன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. சொந்தமாக வீடு அமைகிற வரைக்கும் இரண்டு வருஷம் அம்மா வீட்டு நிலவறையில் இருப்பதாக ஏற்பாடு. நாலு மாதக் கைக்குழந்தை ஒன்று. அதன் தொட்டில், எவர்ட் கீழே வாத்தியம் ஊதிக்கொண்டிருந்த இசையறையில் இருக்கும்.

கைக்குழந்தை வருகிற வீடு. இன்னொரு தடவை அளந்துவிடுவது நல்லது என்று வெர்லினுக்குத் தோன்றியது. முன்பெல்லாம் வாயுவை உறிஞ்சும் கரித்தூள் டப்பாவை வைத்து அளப்பார். திங்கள் வைத்துப் புதன் எடுப்பார், இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்தான் வரும். இப்போது அவரிடம் மணிக்கொரு தடவை அளந்து தாளில் அச்சடித்துத் தருகிற கருவி இருந்தது. அந்த வாரம் வேலை நெருக்கடி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக் காபிக்குப் போனவர் கருவியை இசையறையில் வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

“செவ்வாயா? எப்பவும் ரெண்டு நாள்தானே?” என்றார் மார்லிஸ்.

“நடுவுல ஞாயிறு வருதே. ஞாயித்துக்கிழமை நான் வேலை பாத்தா நீங்களே போதகர்கிட்ட போட்டுக் குடுத்துருவீங்க.”

மார்லிஸ் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும் என்று வெர்லின் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, மார்லிஸ் மேலே காபி போட்டுக்கொண்டிருக்க, வெர்லின் கீழே நின்று தாளை விரித்தார். வெள்ளி மாலை இரண்டு, சனிக்கிழமை பகல் ஒன்றரை. சனி இரவு எண் நகரத் தொடங்கியது: நாலு, ஏழு, பதினொன்று. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் பத்தொன்பது, மாலை ஆராதனையில் இருபத்திரண்டு. திங்கள் காலை ஆறு மணி வரைக்கும் அதே இருபத்திரண்டு. அப்புறம் மளமளவென்று இறங்கி, மத்தியானத்துக்குள் மறுபடியும் இரண்டு.

கருவி பழுதோ என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு தலையைத் தூக்கிச் சுவர் உச்சியிலிருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. கொக்கியைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து தகரம் பளபளத்தது. எவர்ட்டின் சோபாவில் தடித்த இரண்டு போர்வை மடித்து வைத்திருந்தது. ஏப்ரல் மாதக் குளிரில் யாரோ இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு படியேறினார்.

“மார்லிஸ், ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல என்ன நடந்துச்சு?”

“என்ன நடக்கும்? காலைல ஆராதனை, சாயங்காலம் ஆராதனை. நடுவுல மாட்டுக்கறி ரோஸ்ட்.”

“ஞாயித்துக்கிழமை இருபத்திரண்டு காட்டுது. மத்த நாளெல்லாம் ரெண்டு.” தாளை மேசையில் வைத்தார். “வாயுவுக்குக் கிழமை தெரியாது மார்லிஸ். உங்களுக்குத்தான் தெரியும்.”

மார்லிஸ் துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

“திறந்து வச்சேன்” என்றார்.

“இந்தத் தடவையா?”

“எல்லாத் தடவையும். நீ டப்பாவை வச்சுட்டுப் போவே. உன் வண்டி முக்குல திரும்பினதும் இறங்கிப் போய் ரெண்டு ஜன்னலையும் திறந்துருவேன். நீ வர்றதுக்கு முன்னாடி சாத்திருவேன்.”

“ஹீட்டர் ஓடிக்கிட்டே இருந்திருக்குமே?”

“ஓடுச்சு. ரொட்டிப் பையைக் கழுவி வைக்கிறவ, தெருவுல போற காத்தையெல்லாம் சூடு பண்ணிட்டு, கீழ போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.” துணியைக் கீழே வைத்தார். “சனிக்கிழமை சாயங்காலம் கை தன்னால போய்ச் சாத்திருச்சு. அம்பது வருஷப் பழக்கம். நெனைக்கக்கூட இல்ல நான். திங்கக்கிழமை விடிஞ்சப்பதான் பாத்துட்டு மறுபடி திறந்தேன்.”

முழுப் பூசணிக்காயை ஏழு வருஷம் சோற்றில் மறைத்தவரைக் கடைசியில் அவருடைய பக்தியே காட்டிக்கொடுத்துவிட்டது. வெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை.

“எதுக்கு மார்லிஸ்?”

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். எவர்ட் ஊர் பேண்டில் யூஃபோனியம் வாசிப்பார். பால்குடம் அளவுக்குப் பெரிய பித்தளை வாத்தியம். கல்யாணமான மாதமே, அந்தச் சத்தம் மேலே ஆகாது, கீழே கொண்டுபோய் ஊதுங்கள் என்று மார்லிஸ் சொல்லிவிட்டார். தினம் சாப்பாடு முடிந்ததும் எவர்ட் இறங்கிவிடுவார். இரண்டு மணி நேரம் ஊதிவிட்டு அந்தச் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிடுவார். நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படி.

“நான்தான் அவரைக் கீழ அனுப்பினேன்” என்றார் மார்லிஸ். “நீ அளந்து ஒரு எண்ணைச் சொல்லிட்டேன்னா, நான்தான் அவரைக் கொன்னேன்னு ஆயிரும். எண் சின்னதா இருந்தா, வேற ஏதோ வந்து செத்தார்னு இருந்துரலாம்ல? க்ரிஸ்டா போன்ல கேட்டா, ‘அம்மா, கீழ பரவாயில்லையா’ன்னு. வெர்லின் அளந்தான், ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னேன். அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அப்படியும் போய்த் திறந்தேன் பாரு.”

அவர் அழவில்லை. டி ஹான் வீட்டில் அழுகிற வழக்கம் கிடையாது. வெர்லின்தான் மூக்கை உறிஞ்சினார்.

“கீழ அந்தத் தரையைப் போட்டது யாரு?” என்று கேட்டார்.

“நீங்க ரெண்டு பேரும்தான்.”

“எவர்ட் சுவர் கட்டினான். தரை நான் போட்டேன். பத்தொம்பது வயசு எனக்கு. கான்கிரீட்டுக்கு அடியில நாலு அங்குலம் சரளைக்கல் பரப்பணும். லாரி வர ரெண்டு நாள் ஆகும்னாங்க. எனக்குப் பேஸ்பால் ஆட்டம் இருந்துச்சு. சரளை போட்டாச்சுன்னு எவர்ட்கிட்ட சொல்லிட்டு, வெறும் களிமண்ணு மேல ஊத்திட்டேன். ரெண்டாவது வருஷமே களிமண் இறங்கித் தரை பொளந்துருச்சு. விரிசல் எங்கேன்னு தெரியும்ல? அவன் சோபாவுக்கு அடியில. எவர்ட் சாகிற வரைக்கும் நான் சொல்லலை.”

வெர்லின் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உங்க வீட்ல ஒண்ணுன்னு வந்தப்ப நான் ஏன் நம்பினேன்? எனக்கு அது தேவைப்பட்டுச்சு. ஊருக்கெல்லாம் போய் உபதேசம் பண்றேன். இங்க மட்டும் கண்ணை மூடிக்கிட்டேன். அவனைக் கொன்னது நான் மார்லிஸ்.”

“நீ சின்னப் பய அப்ப. கீழ போன்னு சொன்னது நான்.”

“விரிசல் விட்டது நான்.”

“விரிசல் இருந்தா என்ன, ஆளு மேல இருந்திருந்தா?”

“தரை ஒழுங்கா இருந்திருந்தா கீழ இருந்தாத்தான் என்ன?”

பழியை நீ எடுத்துக்கொள் என்று சண்டை போடுகிற குடும்பங்களை ஊரில் பார்த்திருக்கிறோம். எனக்குத்தான் வேண்டும் என்று இந்த இரண்டு பேரும் காபி ஆறிப்போகிற வரைக்கும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் மார்லிஸ்தான் எழுந்தார்.

“போதும். குழந்தை ஜூன் மாசம் வருது. எப்ப ஆரம்பிக்கிறே?”

“நாளைக்கு.”

“செருப்பைக் கழட்டிட்டு வா.”

முந்நூறு வீட்டில் பார்க்காத சிரமத்தை வெர்லின் இந்த ஒரு வீட்டில் பார்த்தார். சரளை பரப்பிய தரை என்றால் ஒரு துளை போதும். கல் இடுக்குகள் வழியே உறிஞ்சல் மூலைமுடுக்கெல்லாம் போய்விடும். களிமண் விடுமா? முதல் துளையைப் போட்டு விசிறியை ஓட்டினார். பத்தடி தள்ளி ஒரு ஊசித்துளைக்கு மேலே புகைக்குச்சியைப் பிடித்தால், புகை உள்ளே இழுபடாமல் அப்படியே நின்றது; உறிஞ்சல் அங்கே எட்டவில்லை. பத்தொன்பது வயது வெர்லின் அன்றைக்கு ஆடப்போன ஆட்டத்துக்கு அறுபத்தெட்டு வயது வெர்லின் இப்போது தண்டனை அனுபவித்தார். இரண்டாவது துளை, மூன்றாவது துளை. ஒவ்வொன்றிலும் தோள்வரைக்கும் கையை விட்டுக் களிமண்ணைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். மொத்தம் முப்பத்தொரு வாளி. ஒவ்வொரு வாளி மேலே போன பிறகும் மார்லிஸ் படிகளைத் துடைத்தார். விரிசலை அகலப்படுத்தி, பசையை ஊற்றி அடைத்தார்கள். மழைநீர் சேரும் குழிக்குக் காற்றுப் புகாத மூடி போட்டார்கள்.

குழாய் எந்த வழியாக மேலே போவது என்பதில் பெரிய தகராறு. தெருப்பக்கம் வெளியே தெரியக்கூடாது என்றார் மார்லிஸ். வேறு வழி துணி அலமாரிக்கு உள்ளேதான். இஸ்திரி போட்ட படுக்கை விரிப்புகளை அவர் உயிர்போல வைத்திருக்கிற அலமாரி அது. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு விரிப்புகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார்.

விசிறி பரணில் ஓடத் தொடங்கியது. கீழே குழாயில் ஒட்டியிருந்த வளைந்த கண்ணாடிக் குழலில் சிவப்புத் திரவம் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி நின்றது.

“ரெண்டு பக்கமும் சமமா இருந்தா விசிறி நின்னுருச்சுன்னு அர்த்தம்” என்றார் வெர்லின். “உடனே எனக்குப் போன் பண்ணணும்.”

“ஞாயித்துக்கிழமை மட்டும் நிறுத்தி வைக்கலாமா?”

“மார்லிஸ்! ஞாயித்துக்கிழமைதான் இருபத்திரண்டு வந்துச்சு.”

மார்லிஸ் திரவத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். “குழியில விழுந்த எருதை ஓய்வுநாள்லயும் தூக்கி விடலாம்னு வேதத்துலயே இருக்கு” என்றார் கடைசியில். “சரி, ஓடட்டும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை வெர்லின் மறுபடியும் கருவியை வைத்தார். இந்தத் தடவை ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருமுக்கில் வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்க்கவும் இல்லை. பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டதாக ட்வைலாவிடம் பிறகு ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போனபோது, நிலவறை ஜன்னல் இரண்டிலும் கொக்கிக்குக் குறுக்கே நூல் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. தன் கையை நம்பாமல் மார்லிஸ் தானே கட்டியது. வெர்லின் தாளை விரித்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. திங்கள் விடிகாலையில் ஒன்றே கால். அதற்குமேல் எங்கேயும் ஏறவில்லை.

மார்லிஸ் தாளைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“இந்தக் குழாய் அன்னைக்கே இருந்திருந்தா, எவர்ட் இருந்திருப்பாரா?”

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட வெர்லினுக்கு நாக்கு துடித்தது. ஏழு வருஷம் இந்த வீட்டில் பொய் எண்களோடு இருந்தது போதும் என்று தோன்றியது.

“தெரியல மார்லிஸ். யாருக்கும் தெரியாது. இருந்திருக்கலாம்.”

மார்லிஸ் தலையசைத்தார். தாளை நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். பிறகு கீழே இறங்கிப் போனார். படியில் மூச்சிரைப்பு கேட்டது. தூக்கட்டுமா என்று வெர்லின் கேட்க, வேண்டாம் என்று பதில் வந்தது. எவர்ட்டின் யூஃபோனியத்தை இரண்டு கையாலும் அணைத்து, வயிற்றில் தாங்கி, படிப்படியாக மேலே கொண்டுவந்து, கூடத்தில் நல்ல சோபாவின் மேலேயே வைத்தார். அந்தச் சோபாவில் போதகரைத் தவிர வேறு யாரையும் அவர் உட்காரவிட்டதில்லை.

“இனிமே இது மேல இருக்கட்டும்” என்றார்.

வெர்லின் பக்கத்தில் போய் நின்றார். பித்தளை பளபளவென்று இருந்தது. ஏழு வருஷமும் யாரோ துடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

“ஊது” என்றார் மார்லிஸ்.

“எனக்கு எங்க ஊதத் தெரியும்? எவர்ட்தான்...”

“ஊதுன்னு சொல்றேன்ல.”

வெர்லின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அதைத் தூக்கி மடியில் வைத்து, வாயைப் பொருத்தி, கன்னம் உப்ப ஊதினார். கன்று போடுகிற பசு கத்துவதுபோல ஒரு சத்தம் எழுந்து வீடு முழுக்க அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடியில் நீலப் பீங்கான் தட்டுகள் கிடுகிடுத்தன. வெர்லின் பயந்துபோய் வாயை எடுத்து மார்லிஸைப் பார்த்தார்.

மார்லிஸ் கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. எதையும் துடைக்காமல் அவர் இருந்து வெர்லின் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கண்றாவியா இருக்கு” என்றார் மார்லிஸ். “இன்னொரு தடவை ஊது.”